குரங்கையும் வானிலையையும் விடுங்கள், உண்ணியைப் பாருங்கள்

ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி மாதங்களில் நம் நாளிதழ்களின் உட்பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. கர்நாடக மலைநாட்டில் ‘குரங்குக் காய்ச்சல்’ பரவுகிறது. தட்பவெப்ப மாற்றமே காரணம். பொதுமக்கள் காட்டுக்குள் செல்ல வேண்டாம். செய்தி அத்துடன் முடிந்துவிடும். நோயைக் கடத்தும் உயிரி அதில் பெரும்பாலும் இராது. இருந்தாலும் கடைசிப் பத்தியில் ‘ஒருவகைப் பூச்சி’ என்ற அளவில் ஒதுங்கி நிற்கும். எட்டுக்கால் கொண்ட, சிலந்திக்கும் தேளுக்கும் உறவான உண்ணி பூச்சியினமே அன்று என்பதைச் செய்தியாளர் அறிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. அதன் பெயரையாவது எழுதலாமே என்பதுதான் என் முதல் மனக்குறை.

நீண்ட பதிவு இது, பொறுத்துப் படியுங்கள். என் வாதம் சுருக்கமானது. இந்நோய்க்குக் குரங்கின் பெயரைச் சூட்டியும் வானிலையைக் காரணம் காட்டியும் நாம் உண்ணியை மறைத்துவிட்டோம். உண்ணி எந்த மாதத்தில் எழும், எந்த வேளையில் புல்நுனியில் ஏறும், எப்போது சருகுக்குள் இறங்கும் என்பவை அறியப்பட்ட செய்திகள். அறியப்பட்டதைக் கொண்டு முன்னதாகவே எச்சரிக்கலாம். எச்சரிக்காமல் இருந்துவிட்டு, பின்னர் ‘பருவநிலை மாறிவிட்டது’ என்பது விளக்கம் ஆகாது. அது கை கழுவுதல்.

விலங்கியல் என் துறை அன்று. மொழியியலில் முதுகலை முடித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். ‘மொழி படித்தவர்க்கு நோயில் என்ன வேலை’ என்று கேட்போருக்கு என் ஊரிலிருந்தே விடை சொல்லலாம். ஊரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என நீளும் தங்கவயல் குடியிருப்புகளில் பிறந்த எவருக்கும் ஒரு நோயின் பெயர் எவ்வளவு எடையுள்ளது என்று தெரியும். சுரங்கத் தொழிலாளியின் இருமலுக்குக் ‘காசம்’ என்று பெயர் எழுதினால் அது அவர் தலைவிதி. ‘சிலிக்கோசிஸ்’ என்று எழுதினால் அது பாறைத்தூள். பாறைத்தூள் என்றால் சுரங்கம். சுரங்கம் என்றால் இழப்பீடு. 1940இல் மைசூர் அரசு சிலிக்கோசிஸ் விதிகளைக் கொண்டுவந்த பிறகு நடந்த பரிசோதனையில், பார்க்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் 43.7 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்ததாக 1947இல் வெளியான அறிக்கை கூறியது. நுரையீரல்கள் அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தன. பெயர்தான் புதிது. பெயர் வந்த பிறகே பொறுப்பு வந்தது. அந்த மண்ணிலிருந்து வருவதால்தான் ‘குரங்குக் காய்ச்சல்’ என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு எரிச்சல் மூள்கிறது. அச்சொல்லில் பொறுப்பு ஒரு குரங்கின் தலையில் போய் விடிகிறது.

பெயரின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1957இல் சிவமொக்கா மாவட்டம் சொரப வட்டத்தில் உள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அனுமன் மந்திகளும் நாட்டுக்குரங்குகளும் மடிந்த அதே காலத்தில், காட்டையொட்டிய சிற்றூர் மக்களுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. புனேயில் இயங்கிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) வந்து ஆராய்ந்தனர். குரங்குகளும் மனிதர்களும் சேர்ந்து சாவதைக் கண்டு, மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று முதலில் அஞ்சினர். அது அன்று. சைபீரியக் காடுகளில் உண்ணிகள் பரப்பும் மூளையழற்சி வைரஸின் நெருங்கிய உறவு என்பது விரைவில் தெளிவாயிற்று. காட்டின் பெயரால் ‘கியாசனூர் காட்டு நோய்’ என அறிவியல் உலகம் அழைத்தது. ஊர் மக்கள் ‘மங்கன காயிலெ’ என்றனர். மங்கனின் நோய், அதாவது குரங்கின் நோய்.

அம்மக்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வைத்த பெயர் ஓர் எச்சரிக்கை மணி. குரங்கு செத்தால் காய்ச்சல் வரும் என்று அவர்கள் கண்டது துல்லியமான அவதானம். இன்றும் கண்காணிப்பு அதைக் கொண்டே நடக்கிறது. இறந்த குரங்கின் உடல் குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் அதைவிட்டு இறங்கி அடுத்த உடலைத் தேடும். ஆகவேதான் குரங்கு விழுந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டர் அளவுக்கு மாலத்தியான் தூவுகிறார்கள். சொரப மக்களின் பெயரில் குரங்கு நோயின் அறிகுறியாக நின்றது. நம் செய்தி மேசைகளில் அது நோயின் காரணமாகிவிட்டது. கன்னடத்தில் வாழ்வனுபவமாக இருந்த சொல், தமிழுக்குப் பெயர்க்கப்பட்டபோது குற்றச்சாட்டாக மாறிப்போனது. மலையாளத்திலும் ‘குரங்ஙுபனி’தான். போதாக்குறைக்குக் குரங்கம்மை வேறு வந்து சேர்ந்தது. விலங்கு, இடப்பெயர்களை நோய்களுக்குச் சூட்ட வேண்டாம் என்று 2015இலேயே அறிவுறுத்திய உலகச் சுகாதார நிறுவனம், 2022 நவம்பரில் அந்நோயின் ஆங்கிலப் பெயரிலிருந்து குரங்கை நீக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் பிரேசிலில் அச்சத்தால் மக்கள் குரங்குகளைத் தாக்கிய, நஞ்சிட்டுக் கொன்ற செய்திகள் வந்திருந்தன. மலைநாட்டுக் குரங்கும் நம்மைப் போலவே உண்ணிக் கடியால் சாகும் உயிர். அதைக் குற்றவாளியாக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

இனி உண்ணிக்கு வருவோம். எழுத வேண்டியது இங்கேதான் நிறைய இருக்கிறது.

உண்ணி உண்பதை விடக் காத்திருப்பதே அதிகம். வாழ்நாளில் மூன்றே முறைதான் இரத்தம் குடிக்கிறது, நோயைப் பரப்பும் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற இந்த மலைநாட்டு உண்ணி. முட்டையிலிருந்து வந்ததும் ஆறு கால்களோடு ஒருமுறை. எட்டுக் கால் கொண்ட இளவுண்ணியாக ஒருமுறை. முதிர்ந்த பின் ஒருமுறை. எஞ்சிய காலமெல்லாம் பட்டினி. அதற்கு இறக்கை இல்லை, தெள்ளைப் போலத் துள்ளவும் தெரியாது. சருகின் விளிம்பிலோ புல்லின் நுனியிலோ ஏறி, பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு, முன்னங்கால்களை விரித்துக் காத்திருக்கும். அம்முன்னங்கால்களின் நுனியில் ஹாலர் உறுப்பு என்ற நுண்ணிய குழி உள்ளது. நாம் விடும் மூச்சின் கரியமில வாயு, உடற்சூடு, மணம், காற்றின் ஈரம் ஆகிய அனைத்தையும் அதைக் கொண்டே உணர்கிறது. மாடோ மனிதரோ உரசிச் சென்றால் தொற்றிக்கொள்ளும். எவரும் வராவிட்டால் காத்திருக்கும்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. புல்நுனியில் காற்று வறண்டது. கடுகினும் சிறிய அவ்வுடலிலிருந்து நீர் இடைவிடாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் வறண்டால் உண்ணி கீழே இறங்கிச் சருகுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அங்கே அது செய்வது வியப்பானது. உப்புச் செறிந்த உமிழ்நீரை வாயுறுப்பின்மேல் கசியவிடுகிறது. அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை ஈர்க்கிறது. ஈர்த்ததை உண்ணி விழுங்குகிறது. மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிவதை நம் வீட்டு அடுப்படியில் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே செயல்தான். காற்றின் ஈரம் ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால் இது நடக்காது. இனத்துக்கு இனம் அந்த எல்லை மாறும். ஐரோப்பிய உண்ணியான இக்ஸோடஸ் ரிசினஸுக்குச் சருகடியில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். (ரிசினஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கே உண்ணி என்றுதான் பொருள். ஆமணக்கு விதை இரத்தம் குடித்துப் பருத்த உண்ணியைப் போல் இருந்ததால் உரோமர்கள் ஆமணக்குக்கும் அப்பெயரையே வைத்தார்கள். நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? மாட்டின்மேல் உண்ணி பொறுக்கும் பறவைக்கு உண்ணிக்கொக்கு என்றும், தோலில் முளைக்கும் சிறு பருவுக்குப் பாலுண்ணி என்றும் பெயரிட்டார்கள்.)

ஆக, உண்ணியின் ஒரு நாள் என்பது ஏறுவதும் இறங்குவதும்தான். நீர் நிறைந்திருந்தால் ஏறும், வறண்டால் இறங்கும், நனைந்துகொண்டு மீண்டும் ஏறும். ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் உடலில் சேமித்த கொழுப்பு கரைகிறது. கரைந்து தீர்வதற்குள் ஓர் உடல் அகப்பட்டாக வேண்டும். வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் தனித்தனியே பார்த்தால் இது விளங்காது. ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வானிலைச் செய்தி சொன்னால், 20 பாகை வெப்பத்தில் அது ஒரு பொருள், 35 பாகையில் வேறு பொருள். அதே 80 விழுக்காட்டில், 35 பாகைக் காற்றின் நீர்வேட்கை 20 பாகைக் காற்றுக்கு இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உண்ணியை உலர்த்துவது இந்த நீர்வேட்கையே. நம் செய்திகளில் வரும் ‘வெயில் கூடியது, நோய் கூடியது’ என்ற ஒற்றை வரிக்கும் உயிரியலுக்கும் உள்ள தொலைவு இதுதான்.

இன்னொரு தொலைவும் உண்டு. அது அடிக்கணக்கில் அளக்கத்தக்கது. வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், திறந்த வெளியில், வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. உண்ணி இருப்பதோ கணுக்கால் உயரத்துக்கும் கீழே, மரநிழலில், நான்கு விரல்கடைச் சருகுக்குள். வெளியே சுட்டெரிக்கும் நண்பகலிலும் அச்சருகின் அடிப்புறம் குளிர்ந்து ஈரமாக இருக்கக்கூடும். ‘உச்சி வெயிலில் உண்ணி வராது, அப்போது காட்டுக்குப் போகலாம்’ என்று கட்செவிக் குழுக்களில் சுற்றும் அறிவுரையை நான் இதனால்தான் அபாயமானது என்கிறேன். திறந்த புல்வெளிக்கு அது ஓரளவு பொருந்தலாம். சருகு வாரும் பெண் குனிந்து கைவிடும் இடம் திறந்த புல்வெளி அன்று.

பருவக் கணக்கு இதைவிடத் தெளிவானது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் முதிர்ந்த உண்ணிகள் எழும். அவற்றின் முதன்மை இரை மாடு. குடித்துப் பருத்த பெண்ணுண்ணி மண்ணில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மழை ஓயும் காலத்தில் ஆறுகால் குஞ்சுகள் வெளிவந்து சிற்றுயிர்களையும் குரங்குகளையும் பற்றும். வைரஸ் பெரும்பாலும் அப்போதுதான் அவற்றுக்குள் புகுகிறது. அக்குஞ்சுகள் தோலுரித்து இளவுண்ணிகளாகி நவம்பர், டிசம்பரில் எழும். மே வரை இருக்கும். மனிதரைக் கடித்து நோயைக் கொடுப்பவை பெரும்பாலும் இந்த இளவுண்ணிகளே. மனிதருக்குக் காய்ச்சல் வரும் மாதங்களும் டிசம்பர் முதல் மே வரைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டுவரும் நாட்காட்டி இது. ஆண்டுதோறும் மழை சற்று முன்பின்னாகலாம். அதற்கேற்ப இதுவும் நகரலாம். ஆனால் இதில் ‘திடீர்’ என்பதற்கு இடமில்லை. செய்தித் தலைப்பில் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் நோய் ‘திடீரென’ப் பரவுகிறது.

பழகிப்போன தவறு ஒன்றும் இங்கே உண்டு. நம் பொதுப்புத்தியில் காய்ச்சல் என்றால் மழைக்காலம். டெங்குவும் மலேரியாவும் எலிக்காய்ச்சலும் நமக்கு அப்படிக் கற்றுக்கொடுத்துவிட்டன. மழை நின்று, பனி விழுந்து, வயலில் அறுவடை முடிந்து, மனம் இலேசாகும் காலத்தில் எழும் காய்ச்சலுக்கு நம் மனத்தில் இடமே இல்லை. இந்த நோயின் உறவினர்களுக்கு மற்ற நாட்டார் வைத்த பெயர்களைப் பாருங்கள். ருஷ்யர்கள் ‘வசந்த–கோடை மூளையழற்சி’ என்றார்கள். ஜெர்மானியர் ‘முன்கோடை மூளையழற்சி’ என்கிறார்கள். 1937இல் லெவ் சில்பர் சோவியத்தின் தூரக் கிழக்குக் காடுகளுக்குச் சென்றபோது, கொசுக்கள் பெருகும் முன்பே வசந்தத்தில் நோய் தொடங்குவதைக் கவனித்தார். ஆகவே கடத்துவது கொசு அன்று, உண்ணி என்று துணிந்தார். பருவமே அங்கே துப்புக் கொடுத்தது. பின்னர் அதுவே பெயருமாயிற்று. அப்பெயரைக் கேட்பவர் எந்த மாதத்தில் அஞ்ச வேண்டும் என்பதை உடனே அறிவார். நம் பெயரில் காடு இருக்கிறது, குரங்கு இருக்கிறது. காலம் இல்லை, உண்ணியும் இல்லை.

‘காட்டுக்குள் போகாதீர்கள்’ என்ற அறிவுரைக்கு வருகிறேன். யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது இது? மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களுக்குத் தழையும் சருகும் ‘சொப்பின பெட்ட’ எனப்படும் தழைக்காடுகளிலிருந்து வருகின்றன. தரகெலெ, அதாவது உதிர்ந்த சருகு, வாரப்படுவது மழையற்ற மாதங்களில்தான். வாரிய சருகு மாட்டுத் தொழுவத்துக்குப் போகும், அங்கே எருவாகும். முற்றத்தில் சருகைக் குவித்து வைப்பதே நோய்க்கான ஓர் அபாயக் காரணி என்று சிவமொக்கா மாவட்டத்தில் நடந்த ஆய்வு கண்டிருக்கிறது. அதாவது காட்டுக்குள் கால் வைக்காதவர் வீட்டுக்கும் காடு கூடையில் வந்துவிடுகிறது. முந்திரி பொறுக்குவதும், காப்பி பறிப்பதும், விறகு எடுப்பதும் எல்லாம் இளவுண்ணி எழும் அதே மாதங்களில். 1982இல் தென்கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடி வட்டத்தில் முந்திரித் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டிச் சாய்த்ததை அடுத்து வந்த பரவலில் முதலில் விழுந்தவர்கள் அங்கு வேலை செய்த கூலியாட்கள். பிழைப்பே காட்டில் இருப்பவரிடம் ‘போகாதே’ என்பது அறிவுரை அன்று. நாளை அவர் நோயுற்றால் ‘சொன்னோமே’ என்று சொல்வதற்கான முன்னேற்பாடு.

நோய் ஏதோ கன்னட நாட்டுக்குள் அடங்கியது என்று எண்ண வேண்டாம். 2012க்குப் பிறகு பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா, சிந்துதுர்க் என மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் வைரஸ் கண்டறியப்பட்டுள்ளது. நோயுற்றோரில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து இல்லை. பல ஆண்டுகளாகப் போடப்பட்டு வந்த தடுப்பூசி, அதன் திறன் குறைந்தது கண்டு 2022இல் நிறுத்தப்பட்டது. புதியதற்கான முயற்சி நடக்கிறது. தடுப்பூசியும் மருந்தும் இல்லாத இடைவெளியில் மக்களிடம் எஞ்சியிருப்பது உண்ணியைப் பற்றிய அறிவும், உடலில் பூசும் டெபா எண்ணெயும், மூடிய உடையும்தான். அந்த அறிவையும் நாம் குரங்கின் பெயரால் மூடி வைக்கிறோம்.

தமிழில் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம். ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று நம் நாளிதழ்கள் எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்ற நோயை. அதைக் கடத்துவது உண்ணியே அன்று. கண்ணுக்கு எட்டாத அளவு சிறிய ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சு. வேளாண்மைத் துறையின் தமிழில் அவ்வகை உயிர்களுக்குச் ‘சிலந்திப்பேன்’ என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. மருத்துவச் செய்தி எழுதுவோர் அதைத் தேடவே இல்லை. ஸ்க்ரப் டைபஸ் பாக்டீரியாவால் வருவது. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையை உரிய காலத்தில் கொடுத்தால் குணமாகும். கடிபட்ட இடத்தில் பெரும்பாலும் கருத்த பொருக்கு தோன்றும். கியாசனூர் நோய் வைரஸால் வருவது. அந்த மாத்திரை அதற்குப் பயன்படாது. இரண்டின் உயிரியும் வேறு, பருவமும் வேறு, மருத்துவமும் வேறு. நீலகிரியில் ஒரு தோட்டத் தொழிலாளி ‘உண்ணி கடித்தது’ என்று வந்து சொன்னால், அச்சொல்லைக் கேட்கும் மருத்துவப் பணியாளர் மனத்தில் எந்த நோய் தோன்றும்? உண்மையில் உண்ணிக் காய்ச்சல் என்ற பெயருக்கு உரிமையுள்ள நோய் ஒன்று இருக்கிறது. நாயுண்ணி பரப்பும் இந்திய உண்ணி டைபஸ். அதன் பெயரைப் பறித்து அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டோம். இன்னும் சிலர் உண்ணியை ‘ஒட்டுண்ணி’ என்றே எழுதுகிறார்கள். குடற்புழுவும் ஒட்டுண்ணி, பேனும் ஒட்டுண்ணி, மலேரியாக் கிருமியும் ஒட்டுண்ணி. வகைப்பெயரைத் தனிப்பெயருக்கு இட்டால் ‘மிருகம் கடித்தது’ என்று சொல்வதைப் போலத்தான் ஆகும்.

உண் என்னும் வினையிலிருந்து உண்ணி. கன்னடத்தில் உணுகு. இரண்டும் ஒரே வேர். இவ்வளவு பழைய, இவ்வளவு தெளிவான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஒருவகைப் பூச்சி’ என்று எழுதும் தமிழ் எனக்கு விளங்கவில்லை.

நாயுண்ணியைச் சொன்னேன். அதைப் பற்றியும் சில வரிகள், ஏனெனில் எங்கள் வறண்ட கோலார் மண்ணில் நாங்கள் அறிந்தது அதையே. மலைநாட்டின் சருகுண்ணிக்கு ஈரம் உயிர். நாயுண்ணியோ சுவர் வெடிப்பிலும் கூரை இடுக்கிலும் குடியிருந்து, சருகுண்ணி தாங்காத வறட்சியைத் தாங்கும். வெப்பம் கூடினால் அதன் வளர்ச்சியும் விரைவுபடும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பக்கம் நாயும் மறுபக்கம் மனிதரும் இருக்க, நடுவில் நாயுண்ணிகளை விட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 23 பாகையில் நாயை நாடிய உண்ணிகள் பல, 38 பாகையில் மனிதர் பக்கம் திரும்பின. ஆக ‘வெயில் வந்தால் உண்ணி சாகும்’ என்பதும் பொய், ‘வெயில் வந்தால் உண்ணி பெருகும்’ என்பதும் பொய். எந்த உண்ணி, எந்த இடத்தில், எந்த ஈரத்தில் என்று கேட்காமல் வானிலையைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை. ‘தட்பவெப்ப மாற்றமே காரணம்’ என்ற வரி எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். பருவநிலை மாறுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. மழை தவறினால், கோடை நீண்டால், உண்ணியின் நாட்காட்டி நகரும். நகரும் என்பதாலேயே அதை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். அளக்காமல் வானத்தைக் கைகாட்டுவது, சுரங்கத் தூளுக்குத் தலைவிதியைக் கைகாட்டியதற்கு ஒப்பானது.

‘பெயரை மாற்றினால் நோய் போய்விடுமா’ என்று நண்பர்கள் கேட்பார்கள். போகாது. ஆனால் எச்சரிக்கைத் தாளில் ‘குரங்கு’ என்று எழுதியிருந்தால், குரங்கையே காணாத தோட்டத்தில் சருகு வாருபவர் அது தமக்கில்லை என்று கடந்து போவார். ‘சருகு’ என்று எழுதியிருந்தால் நின்று படிப்பார். ஆகவே தமிழில் இதனைச் ‘சருகுண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுமாறு கேட்கிறேன். எங்கே இருக்கிறது, எது கடிக்கிறது என்ற இரண்டையும் அப்பெயர் சொல்லிவிடும். ஸ்க்ரப் டைபஸைப் ‘புதர்க் காய்ச்சல்’ என்று எழுதலாம். உண்ணியின் பெயர் உண்ணிக்கே திரும்பட்டும். இவற்றைவிட நல்ல சொற்கள் உங்களிடம் இருந்தால் தாருங்கள், மகிழ்ச்சியோடு ஏற்பேன். குரங்கை மட்டும் மீண்டும் கொண்டுவராதீர்கள்.

அடுத்தது காலம். முதல் குரங்கு செத்த பிறகு தொடங்கும் எச்சரிக்கை தாமதமான எச்சரிக்கை. இளவுண்ணி எழுவது நவம்பரில் என்றால் எண்ணெயும் துண்டறிக்கையும் அக்டோபரில் ஊருக்கு வந்திருக்க வேண்டும். உழவர்களுக்கு மழை, ஈரப்பதம், பூச்சித் தாக்குதல் குறித்து வாரம் இருமுறை வேளாண் வானிலை அறிக்கை தருகிறது இந்திய வானிலைத் துறை. நெற்பயிரின் புகையானுக்கு வானிலையைக் கொண்டு எச்சரிக்கத் தெரிந்த நாட்டுக்கு, சருகு வாருவோரின் உண்ணிக்கு எச்சரிப்பது இயலாத காரியமா? நான்கடி உயரத்து வெப்பமானிக்குப் பக்கத்தில், சருகுக்குள் ஓர் ஈரமானியையும் வைக்க எவ்வளவு செலவாகும்?

மொழியும் அப்படியே. சிக்கமகளூர் மாவட்டத்தில் கொப்பா, நரசிம்மராஜபுரம் வட்டங்களில் இந்நோய் வந்திருக்கிறது. அம்மாவட்டக் காப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். நீலகிரியில் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் இருக்கிறார்கள். அவர்களுள் பலருக்குக் கன்னட எழுத்து தெரியாது. ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பெயர் எதையும் உணர்த்தாது. ‘உண்ணி’ என்ற ஒரு சொல் போதும். கேட்டதும் காலைத் தடவிப் பார்ப்பார்கள்.

நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். தோட்டக் குடியிருப்புகளில் ஒட்டுவதற்கான தாள்கள் அதற்குள் அச்சாக வேண்டும். சுகாதாரப் பணியிலோ தொழிற்சங்கத்திலோ பள்ளியிலோ இருந்து இதில் கைகொடுக்கக் கூடியவர்கள் இப்பதிவின் கீழ் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாத வரைவைத் தமிழிலும் கன்னடத்திலும் நான் எழுதித் தருகிறேன். உயிரியல் செய்திகளைச் சரிபார்த்துத் தர ஒரு பூச்சியியலாளரோ கால்நடை மருத்துவரோ முன்வந்தால் வேலை விரைவாக முடியும்.